நாடி பார்க்கக் கற்றோம்



சென்ற ஆண்டு, நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தில் நாடி பார்க்கும் பயிற்சி நடந்தது. பெருவிரலின் அடிப்பக்கமாக மணிக்கட்டில் மூன்று விரல்களை வைக்க வேண்டும். பெருவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார்கள். இருவர் இருவராக அமர்ந்து எண்ணினோம். 78, 84 என்று ஆளுக்கொரு விடை வந்தது.

கடைசி வரிசையிலிருந்து மட்டும், “சிஸ்டர், இவளுக்கு நாடியே இல்லை” என்று ஒரு குரல் எழுந்தது. வகுப்பே சிரித்தது. “அப்படியானால் நீ பேயடி!” என்று ஒருத்தி சொல்ல, அந்தத் தோழியும் சேர்ந்து சிரித்தாள். சிஸ்டர் வந்து அவளுடைய இடக் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு வலக் கை. மறுபடியும் இடக் கை. அவர்கள் முகத்தைக் கண்டு நாங்களும் அடங்கினோம். வலக் கையில் நாடி நன்றாகத் துடித்தது. இடக் கையில் இல்லை.

“இந்தக் கை வலிக்குமா?” என்று கேட்டபோதுதான் அவள் வாய் திறந்தாள். தலை பின்னும்போது இடக் கை ஓய்ந்து போகுமாம். கொடியில் துணி காயப் போடும்போது பாதியில் கையை இறக்கி விடுவாளாம். சில மாதங்களாக மாலையில் இலேசான காய்ச்சல், எடையும் குறைந்திருந்தது. வீட்டில் சோம்பல் என்று வைதிருக்கிறார்கள். இரத்தச் சோகையாக இருக்கும் என்று டானிக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாளே அவள் அம்மாவை வரவழைத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார்கள். (தோழியின் சம்மதம் பெற்றே இதை எழுதுகிறோம். பெயர் மட்டும் போட வேண்டாம் என்றாள்.)

படம் வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண் வாங்கிக்கொண்டு நாம் மறந்து விடும் பெருந்தமனியைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வோம். இதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்பட்டு மேலேறி, கைத்தடியின் பிடிபோல வளைந்து, முதுகெலும்பையொட்டிக் கீழே இறங்கி, ஏறக்குறைய தொப்புளுக்கு நேராக இரு கால்களுக்கென இரண்டாகப் பிரிகிறது. பெரியவர்களுக்குத் தொடக்கத்தில் சுமார் 3 சென்டிமீட்டர் விட்டம் இருக்கும். வயிற்றுக்கு வரும்போது சுமார் 2. வழியில் தலை, கைகள், குடல், சிறுநீரகங்கள் எல்லாவற்றுக்கும் கிளைகள் கொடுக்கிறது. அதன் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. நோய்கள் எல்லாம் அந்தச் சுவரில்தான்.

மருத்துவர் முதலில் செய்த சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு கைகளிலும் இரண்டு கால்களிலும் இரத்த அழுத்தத்தை அளந்தார். வலக் கையில் 160, இடக் கையில் 90. இடக் கையில் மட்டும் அளந்திருந்தால் அழுத்தம் குறைவு என்றே எண்ணியிருப்பார்கள். உண்மையில் அவளுக்கு அழுத்தம் மிகுதி. காறை எலும்புக்கு மேலே ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது, குறுகிய வழியில் இரத்தம் பாயும் ‘உஸ்’ என்ற ஓசை கேட்டதாம். இரத்தத்தில் ஈ.எஸ்.ஆர். கூடியிருந்தது. சாய மருந்து ஏற்றி எடுத்த சி.டி. படத்தில், இடக் கைக்குப் போகும் தமனியும் ஒரு சிறுநீரகத் தமனியும் குறுகியிருப்பது தெரிந்தது. சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைந்தால், அது உடல் முழுவதுக்கும் அழுத்தம் போதவில்லை என்று எண்ணிக்கொண்டு ரெனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. அழுத்தம் ஏறியதன் காரணம் அதுதான்.

நோயின் பெயர் தகயாசு தமனி அழற்சி. மிகிதோ தகயாசு என்ற ஜப்பானியக் கண் மருத்துவர், 21 வயதுப் பெண் ஒருத்தியின் விழித்திரை இரத்தக் குழாய்களில் கண்ட மாற்றங்களை 1908-ஆம் ஆண்டு எடுத்துரைத்தார். ‘நாடியற்ற நோய்’ என்றும் இதைச் சொல்வதுண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தமனிச் சுவரைத் தாக்குகிறது. சுவர் தடித்து வழி குறுகுகிறது. நோயாளிகளில் பெரும்பாலோர் 40 வயதுக்குட்பட்ட பெண்கள். நம் நாட்டிலும் ஜப்பானிலும் ஆசியாவின் வேறு பல நாடுகளிலும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. எங்கள் வயதுப் பெண்களுக்கு வரக்கூடியது என்று கேட்டதும், அன்று சிரித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தமனி நோய் எல்லாம் இந்த வகையல்ல. பொதுவாக முதியவர்களுக்கு வருவது, கொழுப்புப் படிந்து தமனி அடைபடுவதுதான். புகை, சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் மூன்றும் அதற்குத் துணை. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக் காலில் வலி, நின்றால் தீர்ந்து விடும், மீண்டும் நடந்தால் வரும். தாத்தா கடைவீதியில் அடிக்கடி நின்று நின்று போகிறார் என்றால், வயதாகி விட்டது என்று விட்டுவிட வேண்டாம். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால், விடை 0.9-க்குக் கீழே வருமானால் காலில் அடைப்பு உண்டு என்று பொருள். கணக்குப் பாடம் இங்கும் உதவுகிறது! கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, தாங்க முடியாமல் வலித்தால் அது வேறு. அன்றே, அந்த மணி நேரமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சில சமயம் பெருந்தமனி குறுகாமல் பலூன் போல வீங்கும். வயிற்றில் அது 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் வீக்கம் எனப்படும். 5.5-ஐத் தொட்டால் ஆண்களுக்கு அறுவை பற்றி யோசிப்பார்கள், பெண்களுக்கு 5-லேயே. வலி இல்லாமலே வளரக்கூடியது. சாதாரண வயிற்று ஸ்கேனில் தெரிந்துவிடும். விஞ்ஞானி ஐன்ஸ்டைன் 1955 ஏப்ரலில் இறந்தது இந்த வீக்கம் வெடித்துத்தான்.

சுவரின் உள்ளடுக்கு கிழிந்து, இரத்தம் அடுக்குகளுக்கிடையே பாய்வது மிகக் கொடியது. மார்பிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற வலி திடீரென்று வரும். மாரடைப்பு என்று எண்ணி, இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைக் கொடுத்து விட்டால் ஆபத்து. மேலேறும் பகுதியில் கிழிந்தால் உடனே அறுவை. இறங்கும் பகுதியில் என்றால் பெரும்பாலும் முதலில் மருந்தால் அழுத்தத்தைக் குறைப்பார்கள். எங்கள் கைப்பந்துக் குழுவினர் அறிய வேண்டிய பெயர் ஃப்ளோ ஹைமன். 1984 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்ற அமெரிக்கக் குழுவின் வீராங்கனை. ஆறரை அடிக்குச் சற்றே குறைந்த உயரம். 1986 ஜனவரியில் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே சாய்ந்து இறந்தார். அளவுக்கு மீறிய உயரமும் நீண்ட விரல்களும் தரும் மார்ஃபன் என்னும் பரம்பரைக் குறை அவருக்கு இருந்ததும், அது பெருந்தமனிச் சுவரை நலிவித்திருந்ததும் இறந்த பிறகே தெரிந்தன. அதனால் அவருடைய சகோதரரையும் சோதித்தார்கள். அவருக்கு வேளையோடு அறுவை செய்ய முடிந்தது.

தையல் வகுப்பில் முகம் சுளிக்கும் தோழியருக்கு ஒரு செய்தி. இரத்தக் குழாய்களை ஒழுகாமல் தைக்கும் முறையைக் கண்ட அலெக்சிஸ் கேரல், பிரான்சின் லியோன் நகரத்தில் ஒரு பூவேலைக்காரப் பெண்மணியிடம் நுண்தையல் பயின்றார். 1912-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் மைக்கேல் டிபேக்கி சிறு வயதில் தம் தாயிடம் தையல் கற்றவர். 1950-களில் கடைக்குப் போய் நைலான் கேட்டார். அது தீர்ந்து போயிருந்ததால் டேக்ரான் துணியை வாங்கி வந்து, மனைவியின் தையல் இயந்திரத்திலேயே செயற்கைத் தமனி தைத்தார். டேக்ரான் குழாய்கள் இன்றும் பயன்படுகின்றன. 2005 டிசம்பர் 31 அன்று, 97-ஆம் வயதில், அவருக்கே பெருந்தமனி கிழிந்தது. அவர் வகுத்த முறையிலேயே அறுவை செய்தார்கள். 2008 வரை வாழ்ந்தார்!

நம் தோழிக்கு அறுவை தேவைப்படவில்லை. ஸ்டீராய்டு மாத்திரையும் அழுத்தத்துக்கு மருந்தும் கொடுத்தார்கள். முகம் உப்பி வட்டமாகி விட்டது. கண்ணாடியைப் பார்த்து அழுது, ஒரு நாள் மாத்திரையை ஒளித்து வைத்தாள். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் கண்டித்த பிறகு, மதிய வேளையில் அவள் விழுங்குவதைப் பார்க்க நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். இப்போது அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறார்கள், ஈ.எஸ்.ஆர். இறங்கிவிட்டது, முகமும் பழையபடி ஆகி வருகிறது.

இடக் கை மணிக்கட்டில் நாடி இன்னும் வரவில்லை. பக்கத்துச் சிறு தமனிகள் பெருத்து, கைக்கு வேண்டிய இரத்தத்தைக் கொண்டு போகின்றனவாம். ஆகஸ்டு 15 விழாவில் கோலாட்டம் ஆடினாள். இவ்வாண்டு ஆறாம் வகுப்புச் சிறுமிகளுக்கு நாடி பார்க்கக் கற்றுக் கொடுப்பவள் அவளே. “முதலில் என் வலக் கை, பிறகு இடக் கை” என்று இரண்டையும் நீட்டுகிறாள்.

— பத்தாம் வகுப்பு, இளஞ்செஞ்சிலுவைச் சங்க மாணவியர்