சுருட்டுப் புகையிலையைச் சேமிப்பில் காப்பது எப்படி?

திண்டுக்கல், வேடசந்தூர் பகுதிகளில் சுருட்டுப் புகையிலை பயிரிடும் விவசாயிகள், பாடம் செய்த இலையை நல்ல விலைக்காக இருப்பு வைப்பதுண்டு. சேமிப்பில் கவனம் தவறினால் ஒரு போக உழைப்பே வண்டுக்கும் பூசணத்துக்கும் இரையாகும்.

இலையைக் கசக்கி விட்டால் நொறுங்காமல் விரிய வேண்டும். நொறுங்கினால் ஈரம் போதாது. ஈரம் மிகுந்தால் பூசணம் பிடிக்கும்.

பழைய தூசி, காம்புகளை அகற்றி அறையைச் சுத்தம் செய்யவும். தரையில் பலகை பரப்பி, சுவரை ஒட்டாமல் சிப்பங்களை அடுக்கவும்.

சுமார் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள செம்பழுப்பு நிற வண்டு இலை மடிப்புகளில் முட்டையிடும். அதன் புழுக்கள் இலையைத் துளைத்துத் தின்னும். ஆகவே, மாதம் ஒருமுறை சிப்பங்களைப் பிரித்துப் பார்த்து, மேல் கீழாக மாற்றி அடுக்கவும். துளையும் தூளும் காணும் சிப்பத்தை உடனே தனியே அகற்றவும்.

இவ்வண்டு மிளகாய் வற்றல், மஞ்சள், கொத்தமல்லி விதையையும் தாக்கும். அவற்றைப் புகையிலையுடன் ஒரே அறையில் வைக்கக் கூடாது.