சம்பளம் ஏறிய மறுநாளே கணக்கு காலி: லோன் ஆப் கடனில் சிக்கியவர்கள் முதலில் செய்ய வேண்டியது



நம் அறக்கட்டளைக்கு உதவி கேட்டு வருபவர்களில் இப்போது ஒரு புதிய வகையினரைப் பார்க்கிறோம். இவர்களுக்கு வேலை இருக்கிறது, சம்பளமும் வருகிறது. ஆனால் சம்பளம் ஏறிய மறுநாள் காலையில் கணக்கில் பஸ் செலவுக்குக்கூடப் பணம் இருப்பதில்லை. பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால், 'நாச்' என்றும் 'ஈசிஎஸ்' என்றும் வரிசையாகப் பிடித்தம். பிரசவச் செலவுக்கோ, பள்ளிக் கட்டணத்துக்கோ, பெருநாள் துணிக்கோ போனிலேயே பத்து நிமிடத்தில் வாங்கிய கடன்கள் அவை. ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மற்றொன்று. அண்மையில் வந்த ஒரு சகோதரரின் போனில் ஆறு ஆப்கள் இருந்தன. வீட்டில் மனைவிக்கு ஒன்றுகூடத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "வட்டிக்கு வாங்கினேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?" என்றார். இதில் நம் மஹல்லாவுக்கும் பங்கு உண்டு. வட்டி ஹராம் என்று சொல்வது நம் கடமை. ஆனால் வட்டியில் விழுந்துவிட்டவர் எழுந்து வரும் வழியில் நின்றுகொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னால், அவர் ஒளிந்துகொண்டு ஏழாவது ஆப்பைத்தான் தேடுவார்.

கணக்கைப் பார்ப்போம். பத்தாயிரம் ரூபாய் கடன் என்று காட்டுகிறது. 'பிராசசிங் கட்டணம்' என்று 2,500 பிடித்துக்கொண்டு 7,500 கையில் வருகிறது. 15 நாளில் 10,000 கட்ட வேண்டும். அதாவது 7,500 ரூபாய்க்கு 15 நாள் வட்டி 2,500. ஆண்டுக் கணக்கில் இது 800 சதவீதத்தைத் தாண்டுகிறது. நம் ஊரில் கொடுமை என்று பேசும் பத்து வட்டிகூட ஆண்டுக்கு 120 சதவீதம்தான். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. தெருமுனையில் நின்றவன் போனுக்குள் வந்ததும் நாம் அவனை அடையாளம் காணத் தவறிவிட்டோம்.

சிக்கியவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அடுத்த கடன் வாங்காமல் நிற்பது. இது மிகக் கடினம் என்று தெரியும். ஆனால் இதைச் செய்யாமல் மற்ற எதுவும் பயன் தராது.

அடுத்து, கடன் கொடுத்தது யார் என்று பாருங்கள். ஆப் என்பது பெரும்பாலும் ஒரு முகப்பு. அதன் பின்னால் ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற வங்கியோ நிதி நிறுவனமோ இருக்க வேண்டும். கடன் தரும் முன் முழுச் செலவையும் ஆண்டுச் சதவீதத்தில் காட்டும் ஒரு விவரத் தாளைத் தர வேண்டும். பணம் கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும். யாரோ ஒரு தனிநபரின் பெயரிலிருந்து பணம் வந்தாலும், திருப்பிக் கட்ட யாரோ ஒருவரின் யூபிஐ எண்ணைத் தந்தாலும் சந்தேகப்படுங்கள். 2025 ஜூலை முதல், பதிவுபெற்ற நிறுவனங்கள் பயன்படுத்தும் ஆப்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலேயே இருக்கிறது. நேற்றுதான் வாங்கினேன், பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வழி: பதிவுபெற்ற நிறுவனமானால் குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் செலுத்தி, அபராதமின்றி வெளியேறலாம். பிராசசிங் கட்டணம் மட்டும் திரும்பி வராமல் போகலாம்.

இனி வங்கிக் கணக்கு. கடன் வாங்கும்போது 'சம்மதம்' என்று அழுத்தினோமே, அதில் ஆட்டோ டெபிட்டுக்கும் அனுமதி கொடுத்திருப்போம். பணம் இல்லாத நாளில் பிடித்தம் வந்து திரும்பினால் வங்கி ஒரு ரிட்டர்ன் கட்டணம் போடும், அதற்கு ஜிஎஸ்டியும் சேரும். கடன் கொடுத்தவர் தன் பங்குக்கு அபராதம் போடுவார். சில நாள் கழித்து மீண்டும் அனுப்புவார், மீண்டும் கட்டணம். அடுத்து வரும் பணம் எதுவானாலும் முதலில் அந்தப் பாக்கிக்கே போகும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை முதன்முதலாக வந்தபோதே, சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு என்று சொல்லி அதில் கைவைத்ததாகப் புகார் எழுந்தது நினைவிருக்கும்.

எனவே கடன் பாக்கி இல்லாத வேறொரு வங்கியில் இருப்புத் தொகை தேவைப்படாத சாதாரண சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். சம்பளத்தை அதற்கு மாற்றும்படி வேலை செய்யும் இடத்தில் எழுதிக் கொடுங்கள். அந்தக் கணக்கு எண்ணையும் ஏடிஎம் கார்டையும் எந்த ஆப்பிலும் சேர்க்காதீர்கள். பழைய கணக்கில் என்னென்ன ஆட்டோ டெபிட் இருக்கிறது என்று வங்கியில் பட்டியல் கேளுங்கள். யூபிஐ வழியாகக் கொடுத்த அனுமதியை போனில் 'ஆட்டோபே' பகுதியிலேயே பார்க்கலாம், நிறுத்தலாம். மற்றவற்றுக்கு வங்கிக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டு மறைந்துவிடாதீர்கள். கணக்கில் பணமின்றி ஆட்டோ டெபிட் திரும்புவது, 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடாச் சட்டம் 25ஆவது பிரிவின்படி, செக் திரும்பியதைப் போன்ற வழக்காக முடியும். ஆகவே தவணை நாளுக்கு முன்பே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: என் வருமானம் இவ்வளவு, வாடகையும் சாப்பாடும் போக மாதம் இவ்வளவு கட்ட முடியும், அபராதத்தைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று. சொன்ன தொகையை, சிறியதானாலும், அந்தத் தேதியில் கட்டுங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் மேசையில் போட்டுவைக்காதீர்கள். பதில் தர 15 நாள்தான். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு, தொலைபேசி 15100. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

"இப்படிக் கணக்கை மாற்றுவது ஏமாற்று ஆகாதா?" என்று ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. கடனைத் தராமல் தப்பிப்பதற்காக மாற்றினால் அது ஏமாற்றுதான். யாருக்கு எப்போது எவ்வளவு என்பதை நாமே முடிவு செய்து கொடுப்பதற்காக மாற்றினால் அது ஏமாற்று அல்ல. பிள்ளைகளின் சாப்பாடு முதல் ஹக்கு. சூரா அல்பகரா 280ஆவது வசனம் சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. ஆப்காரர் அதைக் கேட்கப் போவதில்லை. அந்த அவகாசத்தை நாம்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். 'வட்டி ஹராம், ஆகவே கட்டமாட்டேன்' என்று பதிவுபெற்ற நிறுவனத்திடம் சொன்னால் சட்டம் ஏற்காது. சம்மதம் கொடுத்தது நாம்தான்.

மிரட்டலைப் பற்றி. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்கள் போனில் உள்ள பெயர் பட்டியலையும் படங்களையும் ஆப் தொடவே கூடாது. பெண்களின் படத்தை ஆபாசமாக மாற்றி உறவினருக்கு அனுப்புவோம் என்று மிரட்டினால், அது கடன் வசூல் அல்ல, குற்றம். பணம் அனுப்பாதீர்கள். அனுப்பினால் மறுநாளும் கேட்பான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு 1930க்கு அழையுங்கள், சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியுங்கள். பிறகு ஆப்பை நீக்குங்கள். ஆனால் அது ஏற்கெனவே எடுத்துக்கொண்ட எண்கள் அவனிடம்தான் இருக்கும். எனவே வாப்பா, மச்சான், முதலாளி என்று முக்கியமான சிலரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். முன்பே சொல்லிவிட்டால் அவன் மிரட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. பதிவுபெற்ற நிறுவனத்தின் ஆட்களே அத்துமீறினால் முதலில் நிறுவனத்துக்குப் புகார். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம், உதவிக்கு 14448.

கடன்பட்டவர் ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் ஒருவர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். எல்லோருடைய ஆப் கடனையும் அடைக்கும் அளவுக்கு நம் பைத்துல்மாலில் பணம் இல்லை. ஆனாலும் வந்து பேசுங்கள். பாஸ்புக், ஆதார், ஆப்பில் வந்த செய்திகள், இயன்றால் மனைவி அல்லது கணவர், இவ்வளவும் கூட வரட்டும். வங்கிக்கும் நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டிய கடிதங்களை உடன் உட்கார்ந்து எழுதித் தருகிறோம். அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும். பெண்கள் பேசுவதற்குத் தனி அறையும், கேட்பதற்கு ஒரு சகோதரியும் இருக்கிறார்கள். பெயர் வெளியே போகாது.