சூதகவலியும் பெரும்பாடும்: எதற்கு எது மருந்து?

மாதவிடாய் நாட்களில் மகளுக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டு வரும் தாய்மார்கள் பலர், ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகளை வைத்திருக்கிறார்கள். வலி குறைய என்ன செய்வது என்பது ஒன்று. இழந்த இரத்தத்தை எப்படி ஈடுசெய்வது என்பது மற்றொன்று. சித்த மருத்துவம் இவ்விரண்டையும் பிரித்தே பெயரிட்டிருக்கிறது. மாதவிடாய் வலி சூதகவலி. அளவுக்கு மிஞ்சிய இரத்தப்போக்கு பெரும்பாடு. இக்காலப் பேச்சில் இரண்டும் கலந்துவிட்டன. வலிக்குப் பேரீச்சம்பழமும் இரத்தக் குறைவுக்குச் சுக்குக் கஷாயமும் கொடுத்துவிட்டு, பலன் இல்லையே என்று குடும்பத்தார் தளர்ந்துபோவதைக் காண்கிறோம். ஆகவே இரண்டையும் இங்குத் தனித்தனியாகவே பார்ப்போம்.

முதலில் வலி. கருவை ஏற்பதற்காகத் தடித்து வளரும் கருப்பையின் உட்படலம், கரு தங்காத மாதத்தில் உதிர்கிறது. உதிரும் படலத்திலிருந்து புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் வெளிப்பட்டுக் கருப்பைத் தசையை இறுகச் சுருக்குகிறது. அவ்வாறு சுருங்கும் தசை தனக்குள் ஓடும் இரத்தக் குழாய்களையே நெரித்துவிடுவதால், ஆக்சிஜன் போதாமல் வலி எழுகிறது. இப்பொருள் மிகுதியாகச் சுரப்பவர்களுக்கு வலியும் மிகுதி. இது குடலையும் விட்டுவைப்பதில்லை. முதல் நாளன்று சிலருக்கு வயிறு இளகிப் போவதும் குமட்டுவதும் இதனால்தான். முந்தைய நாள் உண்ட உணவின்மீது பழியைப் போட வேண்டியதில்லை.

ஆஸ்பிரினும் அதைப் போன்ற மருந்துகளும் புராஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன என்பதை 1971இல் ஜான் வேன் என்னும் ஆங்கிலேய அறிவியலாளர் காட்டினார். 1982ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் கிடைத்தது. மாதவிடாய் வலி மனத்தின் கற்பனை அன்று, பெயரும் அளவும் உடைய ஒரு வேதிப்பொருளின் வேலை என்பது அரை நூற்றாண்டாக மருத்துவம் அறிந்த செய்தி. அப்படியிருந்தும், ‘பெண்ணாய்ப் பிறந்தால் பொறுத்துத்தான் ஆகவேண்டும், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்னும் வாக்கு வீடுகளில் இன்னும் ஓயவில்லை. குழந்தைப்பேற்றுக்குப் பின் சிலருக்கு வலி குறைவது உண்மையே. அதற்காகப் பதினான்கு வயதுப் பெண்ணைப் பத்தாண்டுகள் காத்திருக்கச் சொல்வது சிகிச்சை ஆகாது. மாதம் இரண்டு நாள் பள்ளியை விடும் சிறுமி, ஆண்டு முடிவதற்குள் எத்தனை பாடங்களை இழக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வலிக்கு நாங்கள் முதலில் சொல்வது வெப்பம். அடிவயிற்றில் இதமான சூடு பட்டால் இறுகிய தசை தளர்ந்து இரத்த ஓட்டம் சீராகும். ஏறத்தாழ 39 டிகிரி சூட்டைத் தொடர்ந்து தரும் பட்டையை அணிந்த பெண்களுக்கு, இபுபுரூஃபன் மாத்திரை உட்கொண்டவர்களுக்கு இணையாக வலி தணிந்ததை ஆய்வு காட்டியிருக்கிறது. பாட்டிமார் உப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்ததும் இதே கணக்குத்தான். வெந்நீர்ப் பை வைத்திருப்பவர்கள் கொதிக்கும் நீரை அதில் ஊற்ற வேண்டாம். துணி சுற்றி இருபது நிமிடம் வைத்து எடுத்தால் போதும். வைத்தபடியே உறங்கிவிட்டுத் தோல் கொப்பளித்து வருபவர்கள் உண்டு.

சமையலறை மருந்துகளுள் சுக்குக்கே முதலிடம் தருவோம். இஞ்சிப் பொடியை வலி தொடங்கும் முதல் மூன்று நான்கு நாட்களுக்கு, நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவில் கொடுத்துச் செய்த ஆய்வுகள் பலவற்றில் வலி குறைந்திருக்கிறது. ஏறத்தாழ அரைத் தேக்கரண்டிச் சுக்குத்தூள் அந்த அளவுக்கு வரும். இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, கருப்பட்டி சேர்த்துக் கொதிக்கவைத்துப் பருகலாம். வெந்தயத்துக்கும் சோம்புக்கும் சாதகமான ஆய்வுகள் உள்ளன. ஆனால் அவை சிறியவை. மோரில் பெருங்காயம் வயிற்று உப்புசத்துக்கு இதமளிக்கும். கருப்பை வலியை அது தீர்க்கும் என்று சொல்வதற்கில்லை. ஒரு சிறு எச்சரிக்கை: இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் சுக்கையும், சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர்கள் வெந்தயத்தையும் மருந்தளவில் எடுக்குமுன் மருத்துவரைக் கேட்பது நல்லது.

இவற்றால் அடங்காத வலிக்கு மாத்திரை உட்கொள்வதில் இழுக்கு ஒன்றும் இல்லை. வலி உச்சிக்கு ஏறியபின் விழுங்குவதுதான் பலரும் செய்யும் பிழை. மருந்து புதிதாகச் சுரக்கும் புராஸ்டாகிளாண்டினைத் தடுக்குமேயன்றி, ஏற்கெனவே சுரந்ததை அழிப்பதில்லை. எனவே போக்கோ வலியோ தொடங்கியவுடனே, உணவுக்குப் பின், மருத்துவர் சொன்ன அளவில் இரண்டு மூன்று நாள் எடுக்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இம்மருந்துகளால் மூச்சிரைப்பு ஏற்பட்ட வரலாறு ஆகியவை உள்ளவர்களுக்கு இவை ஆகா. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்குவோ என்ற ஐயம் நீங்கும்வரை இவற்றைத் தொடவே கூடாது. நம் ஊர் மருந்துக்கடைகளில் மாதவிடாய் வலிக்கென்று கேட்டவுடன் எடுத்துத் தரும் மெஃபனமிக் அமிலம், அரிதாக உடலெங்கும் தடிப்பையும் உள்ளுறுப்புப் பாதிப்பையும் உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023இன் இறுதியில் எச்சரித்தது. மாத்திரை உண்டபின் தோலில் தடிப்பு கண்டால் உடனே நிறுத்திவிட்டு வாருங்கள்.

இனிப் பெரும்பாடு. உணவின் பங்கு பெரிதாக இருப்பது இங்கேதான். ஒரு சுற்றில் இழக்கும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர். 80ஐத் தாண்டினால் அது மிகை. அளந்து பார்க்க இயலாதாகையால், மணிக்கொருமுறை நாப்கின் நனைந்து மாற்ற நேர்வதையும், ஏழு நாளுக்கு மேல் நீடிப்பதையும், பெரிய கட்டிகளாக விழுவதையும் அடையாளமாகக் கொள்ளுங்கள். இழப்பு மிகுந்து ஈடு குறைந்தால் வருவது இரத்தசோகை. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. சோர்வும் மூச்சு வாங்குதலும் படிப்பில் நாட்டமின்மையும் சோம்பல் என்று ஏசப்படும் வீடுகளில், ஒரு ஹீமோகுளோபின் சோதனை பல சச்சரவுகளைத் தீர்த்துவைக்கும்.

சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தம் ஊறச் செய்யும் என்பது பரவலான நம்பிக்கை. பீட்ரூட்டும் மாதுளையும் நல்ல உணவுகளே. ஆனால் இரும்புச்சத்து அவற்றில் மிகக் குறைவு. அவற்றை வாங்கச் செலவிடும் பணத்துக்கு முருங்கைக்கீரையும் கம்பும் கொண்டைக்கடலையும் எள்ளும் பன்மடங்கு இரும்பைத் தரும். புலால் உண்பவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் சிறந்தவை. அவற்றிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கிறது. கீரை, தானியங்களிலுள்ள இரும்போ துணை வேண்டுவது. ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யா, பொரியலின்மீது பிழிந்த எலுமிச்சைச் சாறு, இவற்றில் ஏதேனும் ஒன்று அதே வேளையில் சேர்ந்தால் உறிஞ்சப்படும் இரும்பு கூடும். உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர் அதைக் குறைத்துவிடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கம்பை மாவாக்கி இரவெல்லாம் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சும் வழக்கத்தில், இரும்பைப் பிடித்துவைக்கும் பொருளும் குறைந்துவிடுகிறது. காரணம் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, முறை சரியானதே.

வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கொடுக்கும் உளுந்தங்களியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். உளுந்தின் புரதமும் நல்லெண்ணெயின் கொழுப்பும் வளரும் உடலுக்கு வேண்டியவை, மகிழ்ந்து கொடுங்கள். அதனால் வலி வராது என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அந்த நாட்களில் தயிர் ஆகாது, முட்டை ஆகாது, தனியே அமர்ந்து எல்லோருக்கும் பின்னர்தான் உண்ண வேண்டும் என்னும் விலக்குகளுக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. உடல் இரத்தத்தை இழக்கும் வாரத்திலேயே தட்டில் உணவைக் குறைப்பதை நாங்கள் ஏற்பதற்கில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை முன்வாரத்தில் குறைப்பது வேறு. உப்பு குறைந்தால் உடல் நீர் கோத்துக்கொள்வதும் குறையலாம்.

சோதனையில் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் கீரை மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். மலம் கறுப்பது அதன் இயல்பு, அஞ்சி நிறுத்திவிடாதீர்கள். பாலோடு விழுங்கவும் வேண்டாம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்பு மாத்திரையை, குமட்டுகிறது என்று மாணவியர் எறிந்துவிடுவதுண்டு. வெறும் வயிற்றில் அல்லாமல் மதிய உணவுக்குப் பின் உட்கொண்டால் பெரும்பாலோருக்குக் குமட்டல் இராது.

வீட்டு வைத்தியத்தில் காலத்தைக் கழிக்கக் கூடாத நிலைகளும் உண்டு. மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகும் வலி, போக்கு நின்ற பின்னும் தொடரும் வலி, மலசலம் கழிக்கையிலும் தாம்பத்திய உறவிலும் எழும் வலி ஆகியவை எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயின் அறிகுறியாக இருக்கலாம். கருப்பைக்குள் இருக்க வேண்டிய படலத்தைப் போன்ற திசு வெளியே வளர்வது இந்நோய்; பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பூப்படையாத பதினைந்து வயதுப் பெண்ணுக்கு மாதந்தோறும் அடிவயிறு வலித்தால், வெளியேற வழியின்றி உள்ளே இரத்தம் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மணமான பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய் ஒரு பக்கம் திடீரென்று கடுமையாக வலித்தால், எள்ளுருண்டையும் பப்பாளியும் கொடுத்துக் காத்திராமல் அந்த நேரத்திலேயே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும்.

வரும்போது கடந்த மூன்று மாதங்களின் தேதி, நாப்கின் எண்ணிக்கை, விழுங்கிய மாத்திரையின் பெயர் ஆகியவற்றைக் குறித்துவந்தால் பாதி வேலை முடிந்தது. உள்ளே கைவைத்துப் பார்ப்பார்களோ என்று அஞ்சியே பல இளம்பெண்கள் வருவதில்லை. மணமாகாதவர்களுக்கு வயிற்றின் மேலே கருவியை வைத்துச் செய்யும் ஸ்கேனே பெரும்பாலும் தொடக்கத்துக்குப் போதுமானது. அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஆகவே புறப்படும்போது ஒரு பாட்டில் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.