நீலக்குருதியும் நம் கடனும்

உலகிலே தோன்றிய உயிரினங்களுட் பல, கல்லிற் பதிந்த சுவடு மாத்திரமே எஞ்ச மறைந்தொழிந்தன. அவ்வாறு மறையாது, ஏறத்தாழ 44 கோடி ஆண்டுகளாக உருவம் பெரிதும் மாறாமல் வாழ்ந்துவருவது குதிரைலாட நண்டினம். உலகை உலுக்கிய பேரழிவுகள் பலவற்றைத் தாண்டிய இவ்வினம் மனிதனது கையையுந் தாண்டுமோ என்பதே இன்று எழும் வினா.

பெயரால் நண்டாயினும் இஃது உண்மையில் நண்டன்று; சிலந்தி, தேள் ஆகியவற்றுக்கே நெருங்கிய உறவுடையது. இலாடம்போல வளைந்த ஓடும், ஈட்டிபோல நீண்ட வாலும் இதற்குண்டு. அவ்வாலில் நஞ்சில்லை, அலை புரட்டிவிட்டால் நிமிர்ந்தெழுவதற்கே அது உதவுகின்றது. எஞ்சியுள்ள இனங்கள் நான்கு. அவற்றுள் மூன்று ஆசியாவுக்குரியன. நான்காவது வட அமெரிக்காவின் கீழ்க்கரைக்குரியது.

இந்நான்காவது இனம் மிகுதியாகக் கூடுமிடம் ஐக்கிய அமெரிக்காவிலுள்ள டெலவெயர் குடாவாகும். மே, யூன் மாதங்களில், பூரணை அமாவாசைப் பெருக்குகளோடு இவை கரையேறி மணலில் முட்டையிடும். ஒரு குழியில் ஏறத்தாழ 4,000 முட்டைகள் இருக்கும். தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து வடமுனைப் பிரதேசம் நோக்கிப் பறக்கும் 'றெட் நொட்' என்னுங் கரைப்பறவைகள், இம்முட்டைகளை உண்டே எஞ்சிய வழிக்கு வேண்டிய வலிமை பெறுகின்றன.

இப்பிராணியை மனிதன் மூவகையாற் பயன்படுத்தினான். 19ஆம் நூற்றாண்டில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கிற் பிடித்து, உலர்த்தி அரைத்து வயலுக்கு உரமாக்கினான். 1990ஆம் ஆண்டுகளில், விலாங்கும் சங்கினமும் பிடிக்கும் கூடுகளுக்கு இரையாக்கினான். பருவமடைய ஒன்பது பத்து ஆண்டுகள் செல்லும் பிராணியாதலின், இழந்த தொகையை அது விரைவில் ஈடுசெய்தல் இயலாது. நண்டு குறையவே பறவையுங் குறைந்தது. 1998இற் பிடிப்பைக் கட்டுப்படுத்தும் திட்டம் வகுக்கப்பட்டது. 2008இல் நியூ யேர்சி மாநிலம் இரைக்காகப் பிடிப்பதைத் தடைசெய்தது. 2014இல் அப்பறவை அச்சுறுத்தலுக்குள்ளான இனமெனச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது.

மூன்றாவது பயன் குருதி. செம்பு கலந்திருத்தலின் அது நீலநிறமானது. பற்றீரியாக்களின் நச்சுப்பொருள் அணுவளவு கலந்தாலும் அக்குருதி உறைந்துவிடும். இத்தன்மையை பிரெடெரிக் பாங் என்னும் அறிஞர் 1956இல் வெளியிட்டார். 1977இல் அமெரிக்க அரசு இதனை மருந்துச் சோதனைக்கு அங்கீகரித்தது. அன்று தொட்டு ஊசிமருந்துகளும், உடலினுட் பொருத்துங் கருவிகளும் இக்குருதியாற் சோதிக்கப்பட்டு வந்துள்ளன. குருதி எடுத்தபின் பிராணிகள் கடலில் விடப்படினும், நூற்றுக்கு 15 அளவில் இறப்பதாக மீன்வள முகாமையாளர் கணிக்கின்றனர்.

மாற்றுவழி இல்லாமலில்லை. குருதியை உறையச்செய்யும் புரதத்தைப் பிராணியின்றி ஆய்வுகூடத்தில் ஆக்கும் முறையைச் சிங்கப்பூர் விஞ்ஞானிகள் கண்டனர். ஐரோப்பிய மருந்துநெறி நூல் 2021இலும், அமெரிக்க மருந்துநெறி நூல் 2025இலும் இம்முறைக்கு இடமளித்தன. பழகிய முறையைக் கைவிட மனம் வருவதே இனி வேண்டுவது.

கடற்சுவர்களும் அரிப்பும் முட்டையிடும் மணற்கரைகளைக் குறுக்கிவருதலையும் மறத்தற்கில்லை. ஊசிமருந்து ஏற்றிக்கொண்ட நம்மிற் பெரும்பாலோர் இவ்வூமைப் பிராணிக்குக் கடன்பட்டவரே. கேட்கத் தெரியாதவரிடம் பட்ட கடனைத் தீர்ப்பதன்றோ சான்றாண்மை? அது வேண்டுவது சிறிது மணலும், நமது கை சற்று விலகி நிற்றலுமே.