தில்லி ஹாட்

பகலிற் கூடும் கடைத்தெருவை நாளங்காடி என்றும், இரவிற் கூடுவதை அல்லங்காடி என்றும் பழந்தமிழர் வழங்கினர். வாங்குவாரேயன்றிக் காண வருவாரும் அங்கே திரண்டனர்.

அங்ஙனம் காண வருவாரையும் கருதி அமைத்த அங்காடியொன்று தலைநகராகிய தில்லியில் 1994ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. 'தில்லி ஹாட்' என்பது அதன் பெயர். ஹாட் என்னும் இந்திச் சொல் சந்தையைக் குறிக்கும். வடிகால் ஒன்றை மூடி, ஏறத்தாழ 6 ஏக்கர் பரப்பில் அதனை அமைத்தனர். சிறு சிறு கடைகள், அவற்றிடையே கல் பாவிய முற்றங்கள், ஒருபால் பல மாநிலத்து உணவுச்சாலைகள். வண்டிகள் உள்ளே புகா.

கட்டட அழகினும் வியத்தற்குரியது அங்குக் கடை வழங்கும் முறையேயாம். நெசவாளரும் குயவரும் ஓவியரும் முறைவைத்து வருவர். 15 நாள் அளவும் விற்றபின், அடுத்தவர்க்கு இடம் விட்டு அகல்வர். ஆதலின், மறுமுறை வருவோர் புதியனவே காண்பர். செய்தவரே விற்பவராதலின், மதுபனி ஓவியத்திற்கு விலை கேட்பவர், அதனைத் தீட்டிய வகையையும் கேட்டறியலாம். இடைத்தரகர் கொள்ளும் பங்கும் கைவினைஞர்க்கே எஞ்சும். பெருநகரை முன்பின் அறியாத சிற்றூர்த் தொழிலாளர்க்கு இஃது எளிய உதவியோ?

கைவினைஞர் போல வணிகர் புகுந்துவிடுகின்றனர் என்னும் முறையீடும் எழுந்ததுண்டு. அவ்வாறு நேரின், முற்றமும் கடையும் முன்போலவே நிற்கும். ஓவியம் தீட்டிய வகையைக் கேட்பார்க்கு விடை கூறுவார் மட்டும் இரார்.