மாணவர் பேரவைத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறீர்களா?

அமைப்பின் பலம் இல்லாதவர் விதிகளை விரல்நுனியில் வைத்திருக்க வேண்டும். மாணவர் தேர்தலுக்கான லிங்டோ குழு விதிகளைப் பின்பற்றும் கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்கான குறிப்புகள் இவை.

1. முதலில் வருகைப்பதிவைப் பாருங்கள். 75 சதவீதம், உங்கள் பல்கலைக்கழகம் வைத்துள்ள குறைந்தபட்ச அளவு, இரண்டில் எது அதிகமோ அது இல்லையென்றால் மனு தள்ளுபடியாகும்.

2. போட்டியிடும் ஆண்டில் அரியர் வைக்காதீர்கள். ஒரு தாள் நிலுவையில் இருந்தாலும் தகுதி போய்விடும்.

3. வயதைச் சரிபாருங்கள். இளநிலை மாணவருக்கு 17 முதல் 22 வரை. ஆய்வு மாணவருக்கு உச்சவரம்பு 28.

4. முன்மொழிய, வழிமொழியக் கூடுதலாக ஒருவரைத் தயாராக வையுங்கள். கடைசி நேரத்தில் யாராவது பின்வாங்கினாலும் மனு தப்பிக்கும்.

5. டீச் செலவு முதல் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி, ரசீதைப் பின் செய்யுங்கள். செலவு வரம்பு 5,000 ரூபாய். முடிவு வந்த இரண்டு வாரங்களுக்குள் கணக்கு காட்ட வேண்டும்.

6. போஸ்டரைக் கையாலேயே எழுதுங்கள்; குறித்த இடத்தில் மட்டும் ஒட்டுங்கள். அச்சடித்த போஸ்டர் விதிமீறல்.

7. பத்து வாக்குறுதி வேண்டாம், ஒன்றைப் பிடியுங்கள். 'நூலகம் இரவு பத்து மணி வரை' என்பது ஓட்டுப் போடும்போதும் நினைவிருக்கும்.

8. வகுப்புக்கு ஒரு நண்பரிடம் பொறுப்பு கொடுங்கள். ஓட்டுக் கேட்க வெளியாட்களை அழைத்து வர அனுமதியில்லை.

9. வகுப்பு நடக்கும்போது உள்ளே நுழையாதீர்கள். பாடம் கெட்டால் புகாரும் வரும், ஓட்டும் போகும்.