போர்டைப் பாதியாக வெட்டுங்கள்: கீகேடுக்கு டெஸ்ட் எழுத வருபவர்களுக்கு

சர்க்யூட் போர்டு வரைய கீகேடை நம்பியிருப்பவர்கள் ஏராளம். அதற்கு டெஸ்ட் எழுத வாருங்கள் என்றால் மட்டும் "எனக்கு சி++ வராதே" என்று நழுவுகிறார்கள். வர வேண்டியதில்லை. முக்கால்வாசி வேலை போர்டு வரையத் தெரிந்தவருடையது. 1992-ல் ழான்-பியர் ஷரா தொடங்கிய மென்பொருள் இது. இன்று யாராலும் முழுதாக மனதில் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஓரிடத்தைச் சரிசெய்தால் வேறோர் இடம் புட்டுக்கொள்ளும். அதைப் பிடிக்கத்தான் ஆள் தேடுகிறோம்.

கீகேடின் பக் புகார்கள் பதிவாகும் கிட்லேபில், ஏற்கெனவே சரிசெய்து மூடிய, டிஆர்சி (வடிவமைப்பு விதிச் சோதனை) சம்பந்தப்பட்ட பக் ஒன்றை எடுங்கள். திறந்திருக்கும் பக்கைத் தொடாதீர்கள். பக் உள்ள பழைய பதிப்பு, சரியான புதிய பதிப்பு, இரண்டையும் நிறுவுங்கள்.

இனிமேல்தான் எல்லோரும் வழுக்கி விழும் இடம். புகாரோடு வந்த போர்டில் ஆயிரம் டிராக் இருக்கும். அதை அப்படியே டெஸ்டில் போடக் கூடாது. நகல் எடுத்து, பாதியை அழித்து, டிஆர்சியை ஓட்டுங்கள். பக் இன்னும் இருந்தால் மிச்சத்தில் பாதியை அழியுங்கள். மறைந்துவிட்டால் அன்டூ செய்து மறுபாதியை அழியுங்கள். இரண்டு டிராக், ஒரு வயா என்று வந்து நிற்க வேண்டும். பத்துப் பொருளுக்கு மேல் இருந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சுருக்கும் வேலையைப் பழைய பதிப்பிலேயே செய்யுங்கள். புதியதில் ஒருமுறை சேமித்துவிட்டால் பழையது அந்த ஃபைலைத் திறக்காமல் போகலாம். அரைநாள் வேலை போச்சு. செம்புப் பரப்பு இருந்தால் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் 'பி' விசையைத் தட்டி மறுபடி நிரப்புங்கள். இல்லாவிட்டால் நேற்றைய நிரப்பலைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள். போர்டின் வெளிக்கோட்டை அழிக்காதீர்கள். அதற்கென்று தனியாக ஒரு பிழை வந்து கணக்கைக் கெடுக்கும்.

"என் கணினியில் பக் வருகிறது, உங்களிடம் வரவில்லை" என்ற வாக்குவாதத்தில் பாதி, போர்டு ஃபைலை மட்டும் அனுப்புவதால் வருவது. நெட் கிளாஸும் இடைவெளி விதிகளும் புராஜெக்ட் ஃபைலில் இருக்கின்றன. தனி விதிகள் எழுதியிருந்தால் அதற்கும் ஒரு ஃபைல் உண்டு. மூன்றையும் ஒரே பெயரில், பக் எண்ணோடு வையுங்கள்.

கோடில் சேர்ப்பது ஒரே வரி. டிஆர்சி டெஸ்டில் இரண்டு பட்டியல்கள் உண்டு. தேவையில்லாமல் கத்திய பக் ஒன்றில். கத்த வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்ட பக் இன்னொன்றில். இரண்டாவதில் எத்தனை பிழை வர வேண்டும் என்ற எண்ணையும் தர வேண்டும். சேர்த்ததும், பக்கைத் தீர்த்த திருத்தத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு ஓட்டி, டெஸ்ட் தோற்பதைக் கண்ணால் பாருங்கள். தோற்றுக் காட்டாத டெஸ்டை நான் நம்புவதில்லை. பில்டு செய்ய வராதவர்கள் மூன்று ஃபைலையும் புகாரில் இணைத்தால் போதும், வரியை வேறொருவர் எழுதிக்கொள்ளலாம்.

போர்டு தயாரிக்க அனுப்பும் கெர்பர் ஃபைலை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் டெஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். உருவான நாளும் நேரமும் அந்த ஃபைலுக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் தோற்கும்.

அனுப்பும் முன் போர்டின் தலைப்புக் கட்டத்தைப் பாருங்கள். எல்லாவற்றையும் வெட்டியவர்கள் கம்பெனி பெயரை அங்கே விட்டுவிடுகிறார்கள்.